சிமுலேஷனில் எரியும் பல்பு கையில் ஏன் எரிவதில்லை?

மின்கம்பி | ஜூன் 4, காலை 8.50

மின்சுற்றுப் பாடத்துக்கு ஃபெட் என்ற இலவச அறிவியல் சிமுலேஷன் தளத்தின் மின்சுற்றுக் கருவிப்பெட்டியைத் திறந்து கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் வகுப்பு மொத்தமும் பல்பை எரியவிட்டுவிடுகிறது. அதே பிள்ளைகளிடம் ஒரு 1.5 வோல்ட் செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பித் துண்டு கொடுத்து எரியவிடச் சொல்லுங்கள். பலர் கம்பி முனையைப் பல்பின் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். திரையில் கம்பி தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. மேலுறை சீவும் வேலை இல்லை. பல்புக்கு ஒரு முனை அடியிலும் இன்னொன்று பக்கவாட்டு உலோகத்திலும் இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆகவே என் கட்சி இது: செய்முறைக்கு முன்னால் சிமுலேஷன் காட்டுவது கெடுதல். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஊசல்குண்டு | ஜூன் 4, காலை 9.35

மறுக்கிறேன். இதே கருவிப்பெட்டியின் பழைய ஜாவா வடிவத்தை வைத்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2005-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு உண்மையான பல்பு, கம்பி, மீட்டர். இன்னொரு குழுவுக்குத் திரை மட்டும். பிறகு இரு குழுவையும் உண்மையான சுற்றைக் கட்டி, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொன்னார்கள். திரையில் பழகிய குழுதான் முந்தியது, கருத்துக் கேள்விகளிலும் சேர்த்து.

பியூரெட் | ஜூன் 4, காலை 10.02

அது சரி, ஆனா அவங்க பல்கலைக்கழக மாணவங்க. பல்புக்கு ரெண்டு முனைன்னு எப்பவோ தெரிஞ்சுக்கிட்டு வந்தவங்க. பதிமூணு வயசுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மின்கம்பி சார் சொல்றது கை சம்பந்தப்பட்ட சிக்கல், ஆய்வு அளந்தது கருத்து சம்பந்தப்பட்ட விஷயம். ரெண்டும் வேற.

மின்கம்பி | ஜூன் 4, மதியம் 1.20

வேறுதான். அப்படியானால் 'கெடுதல்' என்பதைத் தளர்த்தி, வரிசை பற்றிய கேள்வியாக மாற்றிக்கொள்கிறேன். முதல் பத்து நிமிடம் செல், பல்பு, ஒரு கம்பி. ஹோல்டர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது முனைகளை மறைத்துவிடும். பல்பு எரிந்த அமைப்பையும் எரியாத அமைப்பையும் படமாக வரையச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் திரை. திரையில் செய்ய வேண்டியது கையில் பார்க்க முடியாதது: பல்புக்கு முன்னாலும் பின்னாலும் மின்னோட்டம் ஒன்றேதான் என்பது. 'பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது' என்ற எண்ணத்தை எத்தனை விரிவுரை கொடுத்தாலும் அசைக்க முடியாது. பல்பின் இரு பக்கமும் அம்மீட்டர் வைத்து, அளவைப் பார்க்குமுன் இரண்டு எண்ணையும் ஊகித்து எழுதவைத்தால் அசையும்.

ஊசல்குண்டு | ஜூன் 4, மாலை 6.10

அந்த இடத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. திரையில் எலக்ட்ரான்கள் நீல மணிகளாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, சுவிட்சிலிருந்து பல்புக்கு அவை ஓடிப்போய்ச் சேருவதால்தான் பல்பு எரிகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரானின் இழுப்பு வேகம் (சராசரியாக முன்னோக்கி நகரும் வேகம்) நொடிக்குச் சுமார் 0.07 மி.மீ. ஒரு மீட்டர் போக ஏறக்குறைய நான்கு மணி நேரம். இந்த எண்ணைச் சொல்லிவிட்டு 'அப்படியானால் சுவிட்சைத் தட்டியதும் விளக்கு ஏன் உடனே எரிகிறது?' என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றால் போதும், மீதியை வகுப்பு பார்த்துக்கொள்ளும். கம்பி முழுக்க எலக்ட்ரான் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன என்ற இடத்துக்கு யாராவது ஒருவர் வந்துசேர்வார்.

மணி ஓடும் வேகம் காட்சிக்காகக் கூட்டப்பட்டது என்பதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரையில் எது நிஜ அளவு, எது வசதிக்காகப் போட்டது என்று சிமுலேஷன் தானாகச் சொல்லாது.

மின்கம்பி | ஜூன் 5, காலை 7.45

கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையில் பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம். இரண்டு பல்பைப் பக்க இணைப்பில் போட்டால் முதல் பல்பின் ஒளி துளியும் குறையாது. பழைய செல்லை வைத்து மேசைமேல் செய்தால் குறையும். பிள்ளை உடனே, 'புத்தகம் சொல்வது திரையில் நடக்கிறது, மேசையில் நடக்கவில்லை, என் இணைப்பு தப்பு' என்று முடிவுகட்டிவிடும்.

இணைப்பில் தப்பில்லை. ஆய்வகத் திரையில் மேம்பட்ட அமைப்பு என்று ஒரு பகுதி உண்டு. அதில் பேட்டரியின் அகமின்தடையை (பேட்டரிக்கு உள்ளேயே இருக்கும் தடை) 2 ஓம் ஆக்குங்கள். ஒரு பல்பு இருக்கும்போது பேட்டரி முனைகளுக்கிடையே 7.5 வோல்ட் காட்டும். இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் 6.4-க்கு இறங்கும். மேசையில் நடந்தது திரையிலும் நடந்துவிட்டது. திரையில் இருப்பது யாரோ எழுதிய சமன்பாடு, எதைச் சேர்த்தார்களோ அதுதான் தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கேபிள்பூச்சி | ஜூன் 5, காலை 9.00

நான் பாடம் எடுப்பவன் அல்ல, கணினி அறையைப் பார்த்துக்கொள்பவன். இணையம் இல்லாமல் இவற்றை ஓட்டுவது பற்றி யாரும் பேசவில்லையே?

பழைய சுட்டிகள் பாதி செத்துவிட்டன. பழைய சிமுலேஷன்களை உலாவியில் ஓட்டிய அடோபி ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. பழைய பாடக் குறிப்புகளில் இருக்கும் ஃபிளாஷ் கோப்புகளைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். ஃபெட்டின் எச்டிஎம்எல்5 (உலாவியிலேயே நேராக ஓடும்) வடிவங்களில் ஒவ்வொரு சிமுலேஷனும் ஒரே ஒரு கோப்பு. படம், ஒலி, நிரல் எல்லாம் அதற்குள்ளேயே. பென்டிரைவில் போட்டுக் கணினிக்குக் கணினி நகலெடுத்தால் வேலை முடிந்தது. கோப்பைத் திறக்கும்போது உலாவியைத் தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். சில கைபேசிகள் அதைச் சாதாரணப் பக்கம் காட்டும் செயலியில் திறக்கும். அங்கே நிரல் ஓடாது, வெள்ளைத் திரைதான். 'கோப்பு கெட்டுவிட்டது' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான்.

அறை முழுவதுக்கும் என்றால் இணையமில்லாமல் பாடங்களைப் பகிரும் கோலிப்ரி மென்பொருளை ஒரு பழைய மடிக்கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ நிறுவலாம். ஃபெட் சிமுலேஷன்களும் கான் அகாடமி காணொளிகளும் அதன் சேகரத்தில் உண்டு. ஒருமுறை இணையம் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டால், அதன்பின் உள்ளூர் வைஃபை போதும். ஆனால் பை-யின் உள்ளமைந்த வைஃபையை நம்பி வகுப்பையே ஏற்றாதீர்கள், திணறும். ஒரு தனி ரவுட்டரை கேபிளால் பை-யுடன் இணையுங்கள். சிமுலேஷன் ஒருமுறை இறங்கிவிட்டால் பின்னர் சர்வரைத் தொடாது. காணொளிதான் கடைசிவரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பியூரெட் | ஜூன் 5, காலை 9.40

கேபிள்பூச்சி, உங்க பேரைப் பார்த்து எலி கடிச்ச கேபிள் ஞாபகம் வந்துடுச்சு.

வேதியியல் பக்கம் ஒரு முக்கியமான விஷயம். பிஎச் அளவுகோல் சிமுலேஷன்ல திரவத்தைத் தேர்ந்தெடுத்ததும் அரை லிட்டர் நிரம்பும், மேல ஒரு தண்ணிக் குழாய். பிள்ளைங்க பேட்டரி அமிலத்தை எடுத்து அது மேல தண்ணியைத் திறந்துவிடுவாங்க. நிஜத்துல செறிந்த அமிலத்துல தண்ணி ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். தண்ணியிலதான் அமிலத்தைச் சிறிது சிறிதா விடணும். சிமுலேஷன்ல வெப்பமும் கிடையாது, தெறிப்பும் கிடையாது. அதனால தப்பான கைப்பழக்கத்தைச் சத்தமில்லாம கத்துக்கொடுத்துடுது. இதை முதல்ல சொல்லிட்டுத்தான் திரையைத் திறக்கணும்.

அடுத்து, பத்து மடங்கு நீர்த்தால் பிஎச் ஒண்ணு மாறும்ங்கிறதைக் காட்டணும்னா அரை லிட்டரோட அப்படியே ஆரம்பிக்கக் கூடாது. பீக்கர் 1.2 லிட்டர்தான் கொள்ளும், பத்து மடங்கு வராது. கீழே இருக்கிற குழாயைத் திறந்து 0.1 லிட்டருக்கு வடிச்சுட்டு, அப்புறம் 1.0 லிட்டர் வரைக்கும் தண்ணி விடுங்க. பிஎச் 2 இருந்தது 3 ஆகும். மறுபடி 0.1-க்கு வடிச்சு, மறுபடி 1.0. அது 4. இப்ப கேளுங்க: 'இப்படியே பத்து தடவை செஞ்சா 12 ஆகுமா?' நிறைய கை மேல போகும். செஞ்சு பார்க்கட்டும். 7-ஐத் தாண்டாது. ஏன்னு விளக்க வேண்டியது அவங்க வேலை.

(பட்டியல்ல வாந்தியும் ஒண்ணு. எந்த வகுப்பானாலும் முதல்ல அதைத்தான் எடுப்பாங்க. பிஎச் 2. அதனால மேல சொன்ன பயிற்சிக்கு அதுவே பொருத்தம்.)

முயல்பண்ணை | ஜூன் 5, இரவு 9.15

உயிரியலில் இதைவிட நுட்பமான கோளாறு ஒன்று உண்டு. இயற்கைத் தேர்வு சிமுலேஷனில் முயல்கள். பழுப்பு ரோமம், நீண்ட பல், தொங்கு காது என்ற மூன்று திடீர் மாற்றங்களுக்கும் பொத்தான் இருக்கிறது. ஓநாயை விட்டதும் வெள்ளை முயல்கள் சாகின்றன. உடனே பிள்ளை பழுப்பு ரோமப் பொத்தானை அழுத்துகிறது. அடுத்த தலைமுறையில் பழுப்பு முயல் பிறக்கிறது. இதிலிருந்து அது கற்றுக்கொள்வது என்ன? ஆபத்து வந்தது, தேவைப்பட்டது, மாற்றம் வந்தது. எந்தத் தவறான எண்ணத்தை உடைக்கப் பாடம் நடத்துகிறோமோ, அதையே பொத்தான் ஊட்டிவிடுகிறது.

சரிசெய்ய வழி உண்டு. ஓநாய் வருமுன்னரே மாற்றத்தை நுழைக்கச் சொல்லுங்கள், எந்த மாற்றம் என்பதை ஆசிரியரோ சீட்டுக் குலுக்கலோ தீர்மானிக்கட்டும். சில குழுக்களுக்குப் பயனற்ற மாற்றம் விழும், தொங்கு காது மாதிரி. ஓநாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பிறகு எல்லாக் குழுவுக்கும் ஒரே சூழலைக் கொடுங்கள். முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மாற்றம் முதலில், தேர்வு பிறகு என்பது தானாகத் தெரியும்.

பழுப்பை ஒடுங்கு பண்பாக (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் பண்பு) வைத்துவிட்டால் சில தலைமுறைகளுக்குப் பழுப்பு முயல் கண்ணிலேயே படாது. 'வேலை செய்யவில்லை' என்று மீட்டமைத்துவிடுவார்கள். பொறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் சுற்றில் ஓங்கு பண்பு (ஒருவரிடமிருந்து வந்தாலே தெரிவது), இரண்டாம் சுற்றில் ஒடுங்கு பண்பு. எதிரியே இல்லாமல் விட்டால் முயல்கள் உலகையே நிரப்பி ஆட்டம் நின்றுவிடும். அதை ஒருமுறையாவது பார்க்காமல் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள், அதற்கென ஐந்து நிமிடம் ஒதுக்கிவிடுவது நல்லது.

ஊசல்குண்டு | ஜூன் 6, காலை 6.30

ஐந்து நிமிடம் என்றதும் பணித்தாள் விஷயம் வருகிறது. 'ஸ்லைடரை 20-இல் வை, அளவை எழுது, 40-இல் வை, அளவை எழுது' என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதினால் பிள்ளைகள் திரையைப் பார்ப்பதே இல்லை, தாளைத்தான் பார்க்கிறார்கள். சிமுலேஷனை உருவாக்குபவர்களே முதலில் ஐந்து முதல் பத்து நிமிடம் குறிப்பில்லாமல் விளையாடவிடச் சொல்கிறார்கள். அதன்பின் மூன்று கேள்வி போதும். இயற்பியலில் ஒன்று சொல்கிறேன். ஊசல் சிமுலேஷன், நீளம் 1 மீட்டர், உராய்வு இல்லை.

'ஊசலின் அலைவுநேரம் வீச்சைச் சார்ந்ததல்ல என்று புத்தகம் சொல்கிறது. எந்தக் கோணம்வரை இதை நம்பலாம்?' அவ்வளவுதான் கேள்வி. 10 பாகையில் 2.01 நொடி. 30-இல் 2.04. 60-இல் 2.15. 90-இல் 2.37. எங்கே கோடு போடுவது என்பதில் குழுவுக்குக் குழு சண்டை வரும். 'இரண்டு சதவீதப் பிழை பரவாயில்லை என்றால் 30 வரை' என்று ஒரு குழு சொல்லும். அந்தச் சண்டைக்காகத்தான் கேள்வி.

மின்கம்பி | ஜூன் 6, காலை 8.05

சண்டைக்கு இன்னொரு நிபந்தனை, ஊகத்தை முதலில் தாளில் எழுதியிருக்க வேண்டும், பேனாவால். ஊகி, கவனி, விளக்கு என்று கல்வி ஆய்வாளர்கள் ஒயிட்டும் கன்ஸ்டோனும் 1992-இல் விரித்து எழுதிய முறையில் மூன்றில் எதைத் தள்ளினாலும் முதலாவதைத் தள்ளக் கூடாது. ஊகம் எழுதாத பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு 'நானும் இதைத்தான் நினைத்தேன்' என்று சொல்லும். பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைவிருக்கும்.

ஒரே கணினி, ஒரே ப்ரொஜெக்டர் இருக்கும் வகுப்புக்கும் இது பொருந்தும். விரல் காட்டி ஓட்டு போடவையுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணை மூடிக்கொண்டு, கையை நெஞ்சோடு வைத்து. இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் விரலைப் பார்த்து எல்லா விரலும் மாறும்.

பியூரெட் | ஜூன் 6, காலை 8.30

வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்யற விளையாட்டுலயும் அதே கதை. கூட்டல் பொத்தானை அழுத்திக்கிட்டே போனா ஏதோ ஒரு இடத்துல சரியா அமைஞ்சுடும். மூளைக்கு வேலையே இல்ல. முதல்ல குணகத்தைத் தாள்ல எழுதணும், திரையில ஒரே வாய்ப்பு. தப்பாப் போனா எந்தத் தனிமம் எத்தனை அணு மிச்சம்னு படத்தைப் பார்த்து எழுதிட்டுத்தான் அடுத்த வாய்ப்பு.

முயல்பண்ணை | ஜூன் 7, மாலை 5.00

காணொளி பற்றியும் பேசுவோம். தெளிவான காணொளி நல்ல காணொளி என்று நினைக்கிறோம். டெரெக் முல்லர் 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைக் கலைத்துப் போட்டது. நேரடியாக, தெளிவாக விளக்கும் இயற்பியல் காணொளியைப் பார்த்த மாணவர்கள் 'எளிதாகப் புரிந்தது' என்றார்கள், தேர்வில் பெரிதாக முன்னேறவில்லை. பரவலான தவறான எண்ணத்தை முதலில் ஒருவர் சொல்ல, பிறகு அது உடைக்கப்படும் காணொளியைப் பார்த்தவர்கள் 'குழப்பமாக இருந்தது' என்றார்கள். மதிப்பெண் கூடியது அவர்களுக்குத்தான்.

அதனால் இருக்கும் காணொளியையே வெட்டிப் பயன்படுத்துங்கள். விடை வருமுன் நிறுத்தி, தவறான விடை உட்பட மூன்று விடைகளைப் பலகையில் எழுதி, ஓட்டு எடுத்துவிட்டுத் தொடருங்கள். பின்னணி இசையுள்ள காணொளியைத் தவிர்க்கலாம். பேச்சையே எழுத்தாகவும் முழுக்கத் திரையில் ஓட்டும் காணொளியும் வேண்டாம், கண் எழுத்தைப் படிக்கப் போய்விடும், படத்தை விட்டுவிடும். காது கேளாத பிள்ளையோ, பேசும் மொழி பழக்கமில்லாத பிள்ளையோ இருந்தால் இது அப்படியே தலைகீழ். அங்கே எழுத்து கட்டாயம்.

கேபிள்பூச்சி | ஜூன் 7, மாலை 5.25

தானாக அடுத்த காணொளி ஓடும் அமைப்பை அணைத்துவிடுங்கள். நியூட்டனின் இரண்டாம் விதியிலிருந்து பூனை குதிக்கும் காணொளிக்குப் போக எட்டு நொடி போதும்.

ஊசல்குண்டு | ஜூன் 8, காலை 7.10

பூனை குதிப்பதும் இயக்கம்தான், டிராக்கரில் போட்டு அளக்கலாம். கிண்டல் இல்லை. காணொளியைப் பார்ப்பதைவிட அளப்பதுதான் இந்தக் கருவிகளில் நான் மதிப்பது. டிராக்கர் இலவசத் திறமூல மென்பொருள். ஒரு கைபேசிக் காணொளியை ஏற்றி, ஒவ்வொரு சட்டகத்திலும் (ஃபிரேம்) பொருளைக் குறித்தால், இடம்–நேரம் வரைபடம் வந்துவிடும்.

ஒரு பந்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து விடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். விழ 0.45 நொடி. நொடிக்கு 30 சட்டகம் என்றால் கையில் கிடைப்பது பதின்மூன்று படம். போதும். கைபேசி அசையக் கூடாது, புத்தக அடுக்கில் சாய்த்துவைத்தாலும் சரி. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, பந்து விழும் தளத்துக்கு நேர் எதிரே. வெளிச்சம் நிறைய வேண்டும். கடைசியில் பந்தின் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். மங்கிய அறையில் கைபேசி ஒரு சட்டகத்தை 1/60 நொடி திறந்துவைத்தால் பந்து 7 செ.மீ. நீள இழுப்பாகத் தெரியும், மையம் எங்கே என்று குறிக்க முடியாது. வெயிலில் 1/500-க்கு வந்தால் ஒரு செ.மீ.-க்குள் அடங்கும்.

அதிகம் சறுக்கும் இடம் அளவுகோல். மீட்டர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுவருக்கு 20 செ.மீ. முன்னால் பந்தை விடுவார்கள். கேமராவிலிருந்து பந்து 2.0 மீட்டர், கோல் 2.2 மீட்டர். கோல் பதினொன்றில் ஒரு பங்கு சிறிதாகத் தெரிகிறது, ஆகவே பந்தின் எல்லாத் தூரமும் பத்து சதவீதம் பெரிதாகிறது. ஈர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 10.8 வரும். கோல் பந்து விழும் அதே தளத்தில் இருக்க வேண்டும்.

பரவளையத்தைப் பொருத்தியதும் மென்பொருள் தரும் முதல் குணகம் 4.9 அளவில் இருக்கும். 'முடுக்கம் பாதியாகிவிட்டது' என்று பயப்படுவார்கள். குணகம் முடுக்கத்தின் பாதி. சமன்பாட்டைத் திரும்பப் பார்க்கவைக்க நல்ல தருணம், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

மின்கம்பி | ஜூன் 8, காலை 7.50

எழுத்துப் பயிற்சியில் தேடினாலும் கிடைக்காத தருணம் அது. நழுவும் கோல், மங்கல் படம், பாதிக் குணகம் எல்லாம் உண்மைக் கருவியோடுதான் வரும். சிமுலேஷனில் ஒரே அமைப்பைப் பத்து முறை ஓட்டினால் பத்து முறையும் ஒரே எண். அதனால் சராசரி ஏன் எடுக்கிறோம் என்ற கேள்வியே அங்கே எழாது.

முயல்பண்ணை | ஜூன் 8, காலை 8.15

எல்லாச் சிமுலேஷனும் அப்படியில்லை. முயல் சிமுலேஷனை ஒரே அமைப்பில் இருமுறை ஓட்டினால் ஒருமுறை பழுப்பு நிலைக்கும், இன்னொருமுறை தொடக்கத்திலேயே அழிந்துபோகும். வாயுப் பண்புகள் சிமுலேஷனில் அழுத்தமானி நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். 'மீட்டர் கெட்டுப்போச்சா?' என்று கேட்டால், துகள்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை கூடக் கூட, அழுத்தத்தோடு ஒப்பிட்டால் ஆட்டம் குறையும். ரொம்பக் கூட்டினால் மூடி பறந்துவிடும், அதுவும் பாடம்தான்.

மின்கம்பி | ஜூன் 8, காலை 8.20

ஒப்புக்கொள்கிறேன். சமன்பாட்டை மட்டும் ஓட்டும் சிமுலேஷனுக்குத்தான் நான் சொன்னது. ஓம் விதிப் பக்கம், எறிபொருள் மாதிரி. எறிபொருளில் காற்றுத்தடை முதலில் அணைந்திருக்கும், 45 பாகையில் அதிகத் தூரம். தடையை இயக்கினால் உச்சக் கோணம் 45-க்குக் கீழே இறங்கும்.

பியூரெட் | ஜூன் 9, மதியம் 2.30

கருவியே இல்லாத இடத்துல கைபேசிதான் கருவி. ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-ல வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலியைப் பத்தி யாரும் சொல்லலையே. ரெண்டு கைபேசி இருந்தா ஒலியின் வேகம் அளந்துடலாம்.

ரெண்டுலயும் ஒலி நிறுத்துகடிகாரம், ஒரு சத்தத்துக்கு ஓட ஆரம்பிச்சு அடுத்த சத்தத்துக்கு நிக்கறது. 5 மீட்டர் இடைவெளியில வைங்க. முதல் கைபேசி பக்கத்துல நிக்கறவர் ஒரு தட்டு தட்டுவார், ரெண்டு கடிகாரமும் ஓட ஆரம்பிக்கும், ரெண்டாவது கொஞ்சம் தாமதமா. அப்புறம் ரெண்டாவது கைபேசி பக்கத்துல நிக்கறவர் தட்டுவார். ரெண்டாவது உடனே நிக்கும், முதலாவது தாமதமா நிக்கும். ரெண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒலி போய்வர எடுத்த நேரம், அதாவது 10 மீட்டருக்கு. 20 டிகிரி செல்சியஸ்ல 0.029 நொடி வரணும். 10-ஐ அதால வகுங்க, நொடிக்கு 343 மீட்டர் பக்கத்துல நிக்கும். ரெண்டு கைபேசி கடிகாரத்தையும் ஒண்ணா இணைக்கத் தேவையே இல்லைங்கறதுதான் இதுல அழகு.

கெடறது எங்கன்னா: வாசல் அளவு (எவ்வளவு சத்தத்துக்குக் கடிகாரம் ஓடணும்ங்கிறது) ரொம்பக் குறைவா இருந்தா வகுப்புச் சலசலப்பே கடிகாரத்தை ஓடவிட்டுடும். அதிகமா வச்சா தூரத்துத் தட்டு கேக்காது. வகுப்பறையில எதிரொலி நிறுத்திடும், குறைந்தபட்சத் தாமதத்தைக் கூட்டுங்க, இல்லேன்னா மைதானத்துக்குப் போங்க. கைதட்டலைவிட ரெண்டு மரக்கட்டை நல்லது, ஒலி கூர்மையா எழும்பும்.

ஊசல்குண்டு | ஜூன் 10, இரவு 8.40

யாரோ எழுதிய சமன்பாடு என்று மின்கம்பி சொன்னாரே, பிள்ளைகளே எழுதினால் என்ன? நிரல் வேண்டாம், ஸ்பிரெட்ஷீட் போதும். சுருள்வில்லில் தொங்கும் எடை: நிறை 1 கிலோ, வில் மாறிலி மீட்டருக்கு 10 நியூட்டன். நெடுவரிசைகள்: நேரம், இடம் (எடை அசையாமல் தொங்கும் நிலையிலிருந்து), வேகம், முடுக்கம். முடுக்கம் என்பது இடத்தை 10-ஆல் பெருக்கி எதிர்க்குறி. ஒவ்வொரு வரியிலும் பழைய வேகத்தை 0.1 நொடியால் பெருக்கி இடத்தோடு கூட்டு, பழைய முடுக்கத்தை 0.1-ஆல் பெருக்கி வேகத்தோடு கூட்டு. கீழே இழுத்து நிரப்பி வரைபடம் போட்டால் அலைவு வீங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு அடிக்கும், அதாவது ஒவ்வொரு 0.1 நொடிக்கும், ஆற்றல் 1.1 மடங்காகும், ஒரு முழு அலைவுக்குள் வீச்சு இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். ஆற்றல் அழியாமை எங்கே போயிற்று?

அடியை 0.01 நொடியாகக் குறைத்தால் ஓர் அலைவுக்கு வீச்சு பத்து சதவீதம்தான் வீங்கும். இன்னும் எளிய மருந்து உண்டு. முதலில் வேகத்தைப் புதுப்பித்துவிட்டு, அந்தப் புதிய வேகத்தால் இடத்தைக் கணக்கிடுங்கள். ஒரே ஒரு செல் முகவரி மாற்றம். 0.1 நொடி அடியிலேயே அலைவு அடங்கி நிற்கும். இதைச் செய்த பிள்ளை அதன்பின் எந்தச் சிமுலேஷனையும் வாய்பிளந்து பார்க்காது.

கேபிள்பூச்சி | ஜூன் 11, காலை 10.10

டிராக்கர் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது, ஊசல்குண்டுக்கு: மெதுவியக்கத்தில் எடுத்த காணொளியில் ஈர்ப்பு முடுக்கம் 0.15 வருகிறதாம். நிலாவில்கூட 1.6 ஆச்சே?

ஊசல்குண்டு | ஜூன் 11, காலை 10.45

நொடிக்கு 240 சட்டகத்தில் எடுத்ததைக் கைபேசி 30-ஆக எழுதி வைத்திருக்கும். நேரம் எட்டு மடங்கு நீள்கிறது, முடுக்கம் 64-இல் ஒரு பங்காகிறது. 9.8-ஐ 64-ஆல் வகுத்தால் 0.15. டிராக்கரின் காணொளி அமைப்பில் சட்டக வீதத்தை 240 என்று கையால் போட்டால் சரியாகிவிடும். எண் அவ்வளவு துல்லியமாக 64-இல் ஒரு பங்காக வராவிட்டால், கைபேசி சட்டக வீதத்தை இடையிடையே மாற்றியிருக்கலாம். ஹேண்ட்பிரேக் மாதிரி மென்பொருளில் நிலையான வீதத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள்.

முயல்பண்ணை | ஜூன் 12, மாலை 4.20

கதிரியக்கச் சிதைவுக்குச் சிமுலேஷனா, பகடையா?

மின்கம்பி | ஜூன் 12, மாலை 5.05

இரண்டும், பகடை முதலில். நூறு பகடையை உருட்டி, ஆறு விழுந்தவற்றை எடுத்துவிடுங்கள், மீதியை உருட்டுங்கள். அரைவாழ்வு 3.8 உருட்டல். ஒரு குழுவின் வரைபடம் கோணலாக வரும், எல்லாக் குழுவின் எண்ணையும் கூட்டினால் வளைவு நேர்த்தியாகும். அதற்கப்புறம் ஸ்பிரெட்ஷீட்டிலோ சிமுலேஷனிலோ பத்தாயிரம் அணுவுக்குப் போகலாம். அப்போது திரையில் வழவழப்பாக வரும் வளைவு எங்கிருந்து வருகிறது என்பது கைக்குத் தெரிந்திருக்கும். பகடை ஒன்றிரண்டு பெஞ்சுக்கு அடியில் உருண்டுபோய் 98-ஆகத் தொடங்கினாலும் கவலையில்லை. அரைவாழ்வு ஆரம்ப எண்ணிக்கையைச் சார்ந்ததல்ல.